அக்சல் நட் அசைய மாட்டேன் என்கிறது, போதாக்குறைக்கு ரெண்டு வீல் ஸ்டட்டும் போச்சு: 121 கொரோலா

கல்லடிக்காரன்:
வணக்கம். டொயோட்டா 121 கொரோலா, முன் இடது சில்லில் ஊளைச் சத்தம். 40, 50ல் போனால் தொடங்கும், வலப்பக்கம் வளைத்தால் கூடும், இடப்பக்கம் வளைத்தால் அடங்கும், ஆகவே இடது பெயாரிங்தான் என்பதில் சந்தேகம் இல்லை. வேலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், மாரிக்குள் வெல்லாவெளி, மண்டூர் ரோட்டுகளில் தண்ணீர் மேலால் ஓடும்போதும் போய் வரத்தான் வேண்டும், அதன் பலன் இது.

பெயாரிங் வாங்கியாச்சு. பக்கத்துக் கராஜில் கழற்றக் கொடுத்தால் அக்சல் நட், அதாவது சில்லைச் சுற்றுகிற ட்ரைவ் ஷாஃப்டின் நுனியில் சில்லுக்கு நடுவில் இருக்கிற பெரிய நட், அசையவே இல்லை. 30 மில்லி சொக்கட், அரை இஞ்சிக் கம்பி, அதற்குமேல் பைப் போட்டு இரண்டு பேர் தொங்கியும் கம்பிதான் வளைந்தது. அதற்கு முன்னாலேயே சில்லைக் கழற்றும்போது சில்லு நட் ஏறுகிற நாலு ஸ்டட்டில் இரண்டு முறிந்துவிட்டது. போன முறை டயர் மாற்றின கடையில் காற்றில் நட் இறுக்குகிற எயார் கன்னைப் பிடித்து ர்ர்ர் என்று விட்டுக்கொண்டே நின்றார்கள், அன்றைக்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கேஸ் போட்டுச் சூடாக்கினால் வரும் என்கிறார் கராஜ்காரர். செய்யலாமா? இல்லாவிட்டால் மிச்சம் இரண்டு நட்டோடு மெதுவாகக் கல்முனைக்கு ஓட்டிப் போய்ப் பெரிய கராஜ் ஒன்றில் கொடுக்கலாமா?

ஏறாவூர்_பாஸ்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஓட்டாதீர்கள். நாலு ஸ்டட் வண்டியில் இரண்டு போனால் பாதி போச்சு. மிச்சம் இருக்கிற இரண்டையும் அதே கன்தான் அதே இறுக்கு இறுக்கியிருக்கும், அதுவும் இழுபட்டுத்தான் இருக்கும். கல்லடியிலிருந்து கல்முனை 40 கிலோமீட்டர் அளவு, வழியெல்லாம் சனம். வேண்டுமென்றால் லொறியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

இனி நட். 121க்கு முன் அக்சல் நட்டில் ஸ்பிளிட் பின் வராது, குத்துகிற நட்தான். அதாவது நட்டின் வெளி ஓரத்தில் மெல்லிய கழுத்து ஒன்று இருக்கும், இறுக்கி முடிந்ததும் அந்தக் கழுத்தை பஞ்ச் உளியால் அடித்து ஷாஃப்டில் வெட்டியிருக்கிற பள்ளத்துக்குள் மடக்கிவிடுவார்கள். அதை நிமிர்த்தினார்களா? நிமிர்த்தினோம் என்று வாயால் சொல்வது கணக்கில்லை. கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டி, டோர்ச் அடித்து நீங்களே பாருங்கள்.

கல்லடிக்காரன்:
நானா, இப்போதான் பார்த்துவிட்டு வருகிறேன். கராஜ் பையன் நிமிர்த்தியதாகத்தான் சொன்னான். பிரஷ் போட்டால் சிவப்புத் தூள் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அதற்குக் கீழே பள்ளத்துக்குள் அந்த உதடு அரைவாசிக்கு இன்னும் மடிந்தபடியே கிடக்கிறது. மேல் ஓரத்தை மட்டும் உளியால் தட்டிவிட்டிருக்கிறார்கள்.

ஏறாவூர்_பாஸ்:
அதுதான். அந்த உதடு உள்ளே கிடக்க நீங்கள் பைப்பில் தொங்கினால் நட் அசையாது, அசைந்தாலும் ஷாஃப்டின் மரையை உழுதுகொண்டுதான் வெளியே வரும். அப்புறம் பெயாரிங் காசோடு ட்ரைவ் ஷாஃப்ட் காசும் சேரும். டொயோட்டா கம்பனியில் இதற்கென்றே ஒரு உளி வைத்திருக்கிறார்கள், நமக்கு அது தேவையில்லை. பழைய சின்ன உளி ஒன்றை கிரைண்டரில் பிடித்து, அந்தப் பள்ளத்தின் அகலத்துக்கு ஒடுக்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அடியில் முனையை வைத்து, ஷாஃப்டைத் தொடாமல், உதட்டை வெளிப்பக்கமாக நெம்பி எழுப்ப வேண்டும். அவசரப்பட்டுப் பக்கவாட்டில் அடித்தால் உளி மரையில் ஏறும். முழுக்க நிமிர்ந்த பிறகு ஊடுருவுகிற ஒயில் அடித்து ஒரு இரவு விடுங்கள்.

அக்கரைப்பற்று_வெல்டிங்:
எல்லாரும் கேஸுக்குப் பயப்படுகிறார்கள். நான் கடற்கரைப் பக்கத்து வண்டிகள், மீன் ஏற்றுகிற வண்டிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உப்புக் காற்றில் பிடித்த துருவுக்கு ஒயில் எல்லாம் சும்மா மனத்திருப்தி. நட்டைச் சுற்றி ஒரு நிமிசம் பிடித்தால் நட் விரியும், துரு உடையும், கையால் வரும். அதுவும் இவர் பெயாரிங்கைக் குப்பையில் போடத்தானே போகிறார்.

ஏறாவூர்_பாஸ்:
தம்பி, நீங்கள் சொல்கிறதில் பாதி சரி. பெயாரிங் போகிறதுதான், அதன் சீலும் கிறீஸும் உருகினால் இவருக்கு நட்டமில்லை. ஆனால் ஷாஃப்ட் போகாது, அதைத் திரும்பப் போட வேண்டும். நட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளித்தான் சில்லு வளையும்போது ஷாஃப்டையும் வளைய விடுகிற சீவி ஜொயின்ட், அதன் ரப்பர் பூட், அதற்குள் கிறீஸ். ஷாஃப்டின் மரைப்பக்கம் சூட்டுப் பதம் கொடுத்த இரும்பு, சிவக்கிற அளவுக்கு விட்டால் பதம் இறங்கிவிடும். ஏபிஎஸ் இருக்கிற வண்டியென்றால் சென்சரும் அங்கேதான். லொறி ஸ்பிரிங் போல்ட்டுக்குச் சூடு வையுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அக்சல் நட்டுக்கு அது கடைசி வழி, அதுவும் நட்டை மட்டும்.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன், பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பைக் கொண்டு போகாதீர்கள். குளோரின் கலந்த வகை சூட்டில் நச்சுவாயுவாகும், கராஜ்களில் யாரும் டப்பாவைத் திருப்பிப் படிக்கிறதில்லை.

வந்தாறுமூலை_எஞ்சினியர்:
கணக்கையும் ஒருமுறை பார்ப்போம். 121 அக்சல் நட்டின் இறுக்கம் 216 நியூட்டன் மீட்டர். புது நட் என்றால் அதே அளவு கொடுத்தால் கழன்றுவிடும். துரு பிடித்தது இரண்டு மடங்கு கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். 60 கிலோ ஆள் ஒருவர் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் முழுப் பாரத்தையும் போட்டால் கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர். அதனால் ஆள் பலம் இங்கே குறைச்சல் இல்லை. அந்தப் பலத்தைக் கம்பி தாங்குகிறதா என்பதுதான் விசயம். அரை இஞ்சிக் கம்பி வளைகிறதென்றால் அது தாங்குகிற எல்லைக்கு வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தொங்கினால் சட்டென்று முறியும், முறிகிற நேரம் மேலே இருக்கிறவரின் முகமும் முழங்காலும் சிமெந்துத் தரையில் போய் நிற்கும்.

முக்கால் இஞ்சிக் கம்பி, முக்கால் இஞ்சி 30 சொக்கட், அதுவும் ஆறு மூலை உள்ள கறுப்பு இம்பெக்ட் சொக்கட். பளபளக்கிற பன்னிரண்டு மூலைச் சொக்கட்டைப் பக்கத்திலும் வைக்காதீர்கள், மூலையை உருட்டிவிடும். பைப்பில் துள்ளாதீர்கள், சீராக அமுக்குங்கள். நெம்புகோல் 3 மணிப் பக்கமோ 9 மணிப் பக்கமோ கிடைமட்டமாக இருந்தால்தான் உங்கள் பாரம் முழுவதும் வேலை செய்யும்.

நீரோட்டமுனை:
கராஜில் எயார் கன் இருக்கும்தானே, அதைப் பிடித்தால் முடிந்ததே?

வந்தாறுமூலை_எஞ்சினியர்:
கன் நல்லதுதான், ஆனால் எல்லாக் கன்னும் ஒன்றில்லை. டயர் கடைக் கன் ஒன்றை மெல்லிய ஹோஸில், குட்டிக் கொம்பிரசரில் மாட்டினால் நட்டுக்குப் போய்ச் சேரும்போது காற்றில் வலுவே இருக்காது. கன் வாயில் 90 பிஎஸ்ஐ ஓடும்போதே நிற்க வேண்டும், கேஜில் காட்டுவது நிற்கும்போதுள்ள அளவு. ஹோஸைத் தடிப்பாக்கி நீளத்தைக் குறைத்தாலே அதே கன் வேறு கன்னாகிவிடும். இப்போது வருகிற 18 வோல்ட் பெட்டரி இம்பெக்ட் கன்களில் பெரியவை 1000 நியூட்டன் மீட்டருக்கு மேல் என்று போட்டு வருகின்றன, அப்படி ஒன்று பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். கழற்றத்தான். இறுக்க வேண்டாம்.

ஏறாவூர்_பாஸ்:
கையால் செய்கிறதென்றால் சில்லு தரையில் இருக்க வேண்டும், அதுதான் வழி. 121ல் நடு மூடியைத் தட்டி எடுத்தால் நட் தெரியும், சில்லைக் கழற்றவே தேவையில்லை. இவருக்கு இரண்டு ஸ்டட்தான் மிச்சம் என்பதால் அந்த இரண்டையும் கையால் அளவாக இறுக்கி, வண்டியைத் தரையில் விட்டு, ஹேன்ட் பிரேக் போட்டு, மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, உள்ளே ஒருவர் கால் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துப் பிடிக்கட்டும். ஓட்டோ கியர் என்றால் பி-யில், அதாவது பார்க்கில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்தக் குட்டிக் கொளுவி இவ்வளவு பலத்துக்குச் செய்ததில்லை. நட் ஒரு சுற்று இளகியதும் நிறுத்துங்கள். அப்புறம் ஜாக் வைத்துத் தூக்கித்தான் மிச்சம். நட் இளகிய நிலையில் வண்டியை ஒரு முழம்கூட உருட்டாதீர்கள். அந்த நட்டின் இறுக்கம்தான் பெயாரிங்கைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. உங்கள் பெயாரிங் போகட்டும், ஆனால் நல்ல பெயாரிங் உள்ள வண்டியில் இதைச் செய்தால் அதையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

கல்லடி, காத்தான்குடிப் பக்கம் முற்றமெல்லாம் குருமணல். ஜாக்குக்குக் கீழே பாலைப் பலகை ஒன்று அகலமாக வையுங்கள், ஸ்டாண்டுக்கும் வையுங்கள். மணலில் ஸ்டாண்டின் நாலு காலும் ஒரே அளவில் இறங்காது.

சம்மாந்துறை_லொறி:
நடுவில் வருகிறதுக்கு மன்னிக்கவும், இதைப் படிக்கிற லொறிக்காரர் யாராவது இருந்தால் ஒரு விசயம். பழைய எல்ஃப், கென்டர் மாதிரி ஜப்பான் லொறிகளில் இடப்பக்கச் சில்லு நட் இடமரை. கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். ஸ்டட்டின் நுனியில் எல் எழுத்து குத்தியிருக்கும், துடைத்தால் தெரியும். எங்கள் பக்கம் வேளாண்மை வெட்டுக் காலத்தில் நெல் மூட்டையோடு பஞ்சராகி ரோட்டோரம் நிற்கும், கார் ஓட்டிப் பழகின பொடியன் உதவிக்கு வந்து காருக்குச் சுற்றுகிற பக்கமே பைப் போட்டுச் சுற்றுவான். கழற்றுகிறேன் என்று இறுக்கிக்கொண்டே போய் ஸ்டட்டை முறித்துத் தந்துவிட்டு, இரும்பு சரியில்லை அண்ணே என்பான்.

கல்லடிக்காரன்:
எங்கள் காருக்கு இரண்டு பக்கமும் வலமரைதானே?

சம்மாந்துறை_லொறி:
ஓம், உங்களுக்கு இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான், பயப்படாதீர்கள்.

எருவில்_டீச்சர்:
இந்த ஸ்டட் முறிகிற கதை எனக்கும் பயமாக இருக்கிறது. நான் ஓட்டுவது வேகன் ஆர். பாதி வழியில் காற்றுப் போனபோது வண்டியோடு வந்த நட் ஸ்பனரில் ஏறி நின்றும் ஒரு நட்டும் அசையவில்லை, கடைசியில் ரோட்டில் போன ஆட்டோத் தம்பி ஒருவர்தான் இறங்கிக் கழற்றித் தந்தார். டயர் கடையில் இறுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்? சொன்னால் கேட்பார்களா?

காரைதீவான்:
கேட்பார்கள் டீச்சர், முன்னாலேயே சொல்ல வேண்டும், முடிந்த பிறகு சொன்னால் முகத்தைத் திருப்புவார்கள். நான் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் நிற்கிறவன், முறிந்த ஸ்டட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்தக் கன் கதையோடுதான் வருகிறார்கள். நட்டை முதலில் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றச் சொல்லுங்கள், கன்னால் மெல்லமாகப் பிடிக்கச் சொல்லுங்கள், கடைசி இறுக்கு டோர்க் ரெஞ்சில். டோர்க் ரெஞ்ச் இல்லாத கடை என்றால் சிலுவை ஸ்பனரில் கையால் இறுக்கினாலே போதும். உங்கள் வண்டிக்கு 85 நியூட்டன் மீட்டர் அளவுதான், ஹேன்ட்புக்கிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 121க்கு 103. இது ஆண்பிள்ளை ஏறி மிதிக்கிற இறுக்கமே இல்லை.

அதைவிட முக்கியம், சுசுகிக்கும் நிசானுக்கும் மரை 12க்கு 1.25, அதாவது ஸ்டட் 12 மில்லி தடிப்பு, மரைக்கு மரை 1.25 மில்லி. டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிசிக்கு 12க்கு 1.5. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நட் ஒன்று தொலைந்துவிட்டது என்று டயர் கடை டப்பாவுக்குள் கிடக்கிற ஏதோ ஒன்றை எடுத்துக் கன்னால் ஏற்றினால் ஒரு சுற்றுக்குப் பிறகு மரையைத் தின்றுகொண்டு ஏறும். ஏறிவிட்டதென்று அவர்கள் சந்தோசப்படுவார்கள். அடுத்த முறை கழற்றும்போது முறிவது அதுதான்.

நட் சில்லில் உட்காருகிற பக்கத்தின் வடிவத்தையும் பாருங்கள். டொயோட்டாவின் சொந்த அலோய் சில்லுக்குத் தட்டை வொஷர் வைத்த நட், இரும்புச் சில்லுக்குக் கூம்பு நட். ஹொண்டாவின் சொந்தச் சில்லுக்கு உருண்டை. வெளியில் வாங்கிப் போடுகிற அலோய் அநேகமாகக் கூம்பு. மாறிப் போட்டால் நட் ஓரத்தில் மட்டும் பட்டுக்கொண்டு நிற்கும், எவ்வளவு இறுக்கினாலும் இளகும், இளகுகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள்.

கல்லடிக்காரன்:
சரி, நட் வந்துவிட்டது! உதட்டை முழுக்க நிமிர்த்தி, இரவு ஒயிலில் விட்டு, காலையில் முக்கால் இஞ்சிக் கம்பியில் பைப் போட்டு அமுக்கினோம். பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை, டக் என்று ஒரு சத்தம், பைப் ஒரு சாண் கீழே இறங்கியது. உள்ளே பிரேக் மிதித்துக்கொண்டிருந்த மச்சான் ஏதோ முறிந்துவிட்டதென்று பாய்ந்து வெளியே வந்துவிட்டார். மரை சுத்தமாக இருக்கிறது.

இனி ஸ்டட். சுத்தியலால் அடித்து எடுக்கலாம் என்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். ஸ்டட்டுகள் நிற்கிற ஹப்பைக் கழற்றாமலே மாற்றலாம் என்றும் கேள்விப்பட்டேன்.

காரைதீவான்:
உங்களுக்கு இது தலைவலியே இல்லை, ஏனென்றால் பெயாரிங்குக்காக ஹப் எப்படியும் வெளியே வரத்தான் போகிறது. மேசையில் வைத்து ப்ரெஸ்ஸில் பழைய ஸ்டட்டைப் பின்பக்கமாகத் தள்ளுங்கள், புதியதையும் ப்ரெஸ்ஸிலேயே ஏற்றுங்கள். புதுப் பெயாரிங்குக்குள் ஹப்பை ஏற்றுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். பிறகு ஞாபகம் வந்து சுத்தியலைத் தூக்கினால் ஒவ்வொரு அடியும் புதுப் பெயாரிங்கின் குண்டுகளில்தான் விழும், வீட்டுக்குப் போகும்போதே ஊளை தொடங்கும்.

பெயாரிங் நல்லாயிருந்து ஸ்டட் மட்டும் முறிந்தவர்களுக்குத்தான் வண்டியிலேயே மாற்றுகிற வழி. கலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸில் தொங்க விடாமல், டிஸ்க்கை எடுத்துவிட்டு, ஹப்பைச் சுற்றிப் பின்னால் இடம் கிடைக்கிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அநேகமான கார்களில் ஒரு இடத்தில் மட்டும் ஸ்டட்டின் தலை வெளியே வர இடைவெளி இருக்கும். போல் ஜொயின்ட் தள்ளுகிற கருவியால் பின்னால் தள்ளுங்கள். புதியதைப் போடும்போது வொஷர்களை அடுக்கி நடுவில் கொஞ்சம் கிறீஸ் பூசி, இரண்டு பக்கமும் திறந்த பழைய நட் ஒன்றைத் தட்டைப் பக்கம் உள்ளே இருக்க மாட்டி, கையால் ஸ்பனர் போட்டு இழுக்க வேண்டும். தலை ஹப்பின் பின்பக்கத்தில் முழுக்கப் பதிந்ததா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அரைகுறையாகப் பதிந்ததைச் சில்லு நட் இழுத்துக்கொள்ளும் என்று விட்டால், ஓட ஓட அது உள்ளே போகும், நட் தானாக இளகும். இழுக்கப் பயன்படுத்திய நட்டைச் சில்லுக்குப் போடாதீர்கள்.

ஸ்டட் வாங்க வரும்போது பழையதைக் கொண்டு வாருங்கள். மரை ஒன்றாக இருந்தாலும் பல்லுப் போட்ட கழுத்து வண்டிக்கு வண்டி வேறு. டொயோட்டாவுக்கு 14.3 மில்லி அளவு, ஹொண்டாவுக்கு 12.3 அளவு. சின்னது ஹப்பின் ஓட்டைக்குள் ஆடும், நட் சுற்றினால் கூடவே சுற்றும். பெரியதை அடித்து ஏற்றினால் ஹப்பே வெடிக்கும். முறிந்தது இரண்டென்றாலும் அந்தச் சில்லில் நாலையும் மாற்றுங்கள், பெயாரிங் விலையோடு பார்க்கும்போது ஸ்டட் விலை ஒரு விலையே இல்லை.

அக்கரைப்பற்று_வெல்டிங்:
ஸ்டட் கூடச் சுற்றினால் மட்டும் என்னிடம் கொண்டு வாருங்கள், அதற்காவது வெல்டிங் தேவைப்படும்.

ஏறாவூர்_பாஸ்:
ஹா ஹா, அதற்குத் தம்பிதான் ஆள்.

கல்லடிக்காரருக்கு ப்ரெஸ் பற்றி ஒரு வார்த்தை, லேத் கடையில் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நக்கிளுக்குள், அதாவது பெயாரிங் உட்காருகிற இரும்புக் கூட்டுக்குள், பெயாரிங்கை ஏற்றும்போது வெளி வளையத்தில் அமுக்க வேண்டும். ஹப்பை ஏற்றும்போது பெயாரிங்கின் உள் வளையத்துக்குக் கீழே தாங்கல் கொடுக்க வேண்டும். இது மாறினால் பலம் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழும், கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். வட்டக் கிளிப் அதன் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்றும் பாருங்கள்.

கல்லடிக்காரன்:
நாலும் மாற்றியாச்சு, பெயாரிங்கும் ஏறியாச்சு, பக்கத்திலேயே நின்றேன், லேத்காரர் இரண்டு முறை என்னை முறைத்தார். பழைய அக்சல் நட்டையே போடலாமா? கழுத்து கிழியவில்லை.

ஏறாவூர்_பாஸ்:
புதியது போடுங்கள். ஒருமுறை மடித்து நிமிர்த்திய கழுத்தை அதே இடத்தில் திரும்ப மடித்தால் வெடிக்கும். ஷாஃப்டின் பல்லில் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள், மரையில் வேண்டாம். சில்லு ஸ்டட் மரையிலும் ஒயில் வேண்டாம், காய்ந்த மரைக்குச் சொன்ன அளவுதான் 103. ஒயில் பூசி அதே அளவுக்கு இறுக்கினால் ஸ்டட் அதைவிட எவ்வளவோ கூட இழுபடும். துருவுக்கு ஏதாவது பூச ஆசையென்றால் ஹப்பின் நடு வளையத்தில், சில்லு ஒட்டிக்கொள்கிற இடத்தில் பூசுங்கள். அக்சல் நட்டை 216க்குப் பிடித்து, கழுத்தைப் பள்ளத்துக்குள் குத்திவிட்டுத்தான் சில்லில் வண்டிப் பாரத்தை விட வேண்டும். டோர்க் ரெஞ்ச் 216 வரை போகிறதா என்று முதலே பாருங்கள், சின்னதெல்லாம் 110லேயே நிற்கும்.

சில்லு நட்டை எதிர் எதிராக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடின பிறகு ஒருமுறை அளவு பாருங்கள்.

கல்லடிக்காரன்:
செங்கலடி வரை ஓடிப் பார்த்தேன், சத்தம் இல்லை. முன்பு பெயாரிங் சத்தத்தில் கேட்காத டேஷ்போர்டு கரகரப்பு ஒன்றுதான் இப்போது கேட்கிறது.

எருவில்_டீச்சர்:
காரைதீவான் சொன்னபடி டயர் கடையில் நாலு சில்லையும் இளக்கிக் கையால் இறுக்க வைத்தேன். ஒரு நட்டுக்கு அவர்களுடைய கன்னே திணறியது. இப்போது என் ஸ்பனரில் நானே கழற்றுகிறேன்.

சம்மாந்துறை_லொறி:
கல்லடி அண்ணே, அந்த முக்கால் இஞ்சிக் கம்பி உங்களுடையதா, இரவலா? உங்களுடையதென்றால் வெள்ளிக்கிழமைக்கு எனக்கு வேண்டும். இடப்பக்கப் பின் சில்லு.

கல்லடிக்காரன்:
கராஜ்காரருடையது. கேட்டு வைக்கிறேன். பைப் என்னுடையது, அதை எடுத்துக்கொண்டு போங்கள்.